ஜெல் நகப்பூச்சில் நிறுவனக் கலப்பு: மருதாணி முதல் புற ஊதா விளக்கு வரை

ஜெல் நகப்பூச்சு என்பது விளக்கொளி பட்டவுடன் இறுகிக் கெட்டியாகும் ஒரு வகை நகச்சாயம் ஆகும். அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு என மூன்று படிகளாக இதனை நகத்தில் இடுவர். ஒவ்வொரு படியையும் இட்ட பின் விரல்களை ஒரு சிறிய விளக்குப் பெட்டிக்குள் வைத்து இறுகச் செய்வர். இம்மூன்று பூச்சுகளும் விளக்கும் ஒரே நிறுவனத்தின் பொருள்களாக எப்போதும் இருப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் அடிப்பூச்சின் மேல் வேறொரு நிறுவனத்தின் நிறத்தை இட்டு, மூன்றாவது நிறுவனத்தின் விளக்கில் காட்டுவது அழகு நிலையங்களில் காணப்படும் வழக்கம். இதுவே நிறுவனக் கலப்பு எனப்படுகிறது.

இவ்வாறு கலக்கக் கூடாது என்று உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். கலந்தாலும் ஒன்றும் ஆவதில்லை என்று தொழில் செய்வோர் பலர் கூறுகின்றனர். இவ்விரண்டு கூற்றுகளிலும் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை நகச்சாயத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அறியலாம். இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை அடியாகக் கொண்டு அவ்வரலாற்றைக் கூறுகிறது. மருதாணி அரைத்தல், நூலுக்குச் சாயமேற்றுதல், பக்கத்திலுள்ள சிவகாசியின் அச்சுத்தொழில் ஆகிய மூன்றும் இவ்வட்டார மக்கள் அறிந்தவை. ஜெல் பூச்சின் இயல்பை விளங்கிக்கொள்ள இம்மூன்றும் நல்ல வழிகாட்டிகள்.

வறண்ட நிலத்தின் நகச்சாயம்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மழை குறைந்த, கண்மாய்ப் பாசனத்தை நம்பிய கரிசல் நிலப்பகுதிகள். திருச்சுழி குண்டாற்றின் கரையில் அமைந்த பழமையான ஊர். ரமண மகரிசி 1879ஆம் ஆண்டு பிறந்த ஊரும் இதுவே. பருத்தியும் சிறுதானியமும் விளையும் இத்தகைய நிலத்தில் அதிகத் தண்ணீர் கேளாமல் வளரக்கூடிய செடிகளுள் ஒன்று மருதாணி. வேலியோரத்திலும் கொல்லையிலும் வளரும் இச்செடிக்கு மருதோன்றி, அழவணம், ஐவணம் என்னும் பெயர்களும் உண்டு.

ஆடி மாதத்திலும், திருமணம், திருவிழா நாள்களிலும் பெண்கள் மருதாணி இட்டுக்கொள்வது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். இலையைப் பறித்து அம்மியிலோ ஆட்டுரலிலோ அரைப்பர். அதனுடன் சிறிது புளி, கொட்டைப்பாக்கு, எலுமிச்சைச்சாறு என அவரவர் வீட்டு வழக்கப்படி ஒன்றைச் சேர்ப்பர். அரைத்த விழுதை விரல் நுனியில் தொப்பி போல அப்பி, இரவு முழுதும் வைத்திருந்து காலையில் கழுவுவர்.

மருதாணி இலையில் உள்ள சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். இது நகத்திலும் தோலின் மேற்படலத்திலும் உள்ள கெராட்டின் என்னும் புரதத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. மருதாணி நகத்தின் மேல் ஒரு படலமாகப் படிவதில்லை. நகமே நிறம் மாறுகிறது. தோலில் இட்ட நிறம் சில வாரங்களில் மங்கிவிடும். நகத்தில் இட்டதோ நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்கும். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக ஆறு மாதம் ஆகலாம்.

மருதாணியிலும் கலப்பு இருந்தது. ஆனால் கலந்தவை சமையலறையிலும் வெற்றிலைத் தட்டிலும் உள்ள பொருள்களே. கலந்தவருக்கு அவை என்னவென்று தெரியும். கலவை சரியில்லை என்றால் காலையில் நிறம் மங்கலாகத் தெரியுமே தவிர, பெரும்பாலோர்க்கு வேறு கெடுதி இல்லை.

இந்நிலை பொட்டலத் தூளும் கூம்பும் கடைக்கு வந்த பின் மாறியது. இராசத்தான் மாநிலத்தின் சோஜத் பகுதி மருதாணிச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூய தூள் வருமிடத்திலேயே ‘கறுப்பு மருதாணி’யும் வந்தது. இயற்கை மருதாணி கறுப்பு நிறம் தராது. விரைவில் கருமை வருவதற்காக முடிச்சாயத்தில் பயன்படும் பாரா-பினைலீன்டையமின் என்னும் வேதிப்பொருளைச் சிலர் அதில் கலந்தனர். இது தோலில் கொப்புளத்தையும் நீடித்த ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது. அழகுப் பொருள் ஒன்றில் என்ன கலந்துள்ளது என்பதை அறியாமல் பயன்படுத்துவதால் வரும் தீங்கை இவ்வட்டாரத்துப் பெண்கள் முதலில் சந்திக்க நேர்ந்தது இத்தகைய கூம்புகளில்தான் எனலாம்.

சாயப்பட்டறை தரும் பாடம்

அருப்புக்கோட்டை கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற நகரம். தேவாங்கர், சாலியர் முதலிய நெசவுச் சமூகத்தார் இங்குத் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். நெசவு இருக்கும் ஊரில் சாயத்தைப் பற்றிய அறிவும் இருக்கும்.

தென் மாவட்டங்களில் பருத்தி நூலுக்கு ஏற்றப்பட்ட சாயங்களுள் நாப்தால் வகை குறிப்பிடத்தக்கது. இதில் சாயம் ஒரே டப்பாவில் ஆயத்தமாக இருப்பதில்லை. நூலை முதலில் நாப்தால் கரைசலில் நனைப்பர். பிறகு உப்பு அல்லது பேஸ் எனப்படும் இரண்டாவது கரைசலில் இடுவர். இரண்டும் நூலிழைக்குள் சந்திக்கும்போதுதான் நிறம் பிறக்கும். முதல் பொருளுக்கு ஏற்ற இரண்டாவது பொருளும், உரிய அளவும் அமையாவிட்டால் நிறம் மாறும், அல்லது துவைக்கும்போது சாயம் போகும். வினையில் சேராத மிச்சப் பொருள் நூலிலேயே தங்கிவிடும்.

பொருத்தமான இரண்டு பொருள்கள் சந்தித்து, வினை முழுமையாக முடிய வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஜெல் நகப்பூச்சுக்கும் இதே விதி பொருந்தும். அங்கே முதற்பொருள் ஜெல். இரண்டாவது ‘பொருள்’ ஒளி.

சாயம் தோலில் படும்போது வரும் கேடு பற்றிய கேள்வியும் நெசவுத்தொழிலில் முன்பே எழுந்தது. சில அசோ வகைச் சாயங்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களாகச் சிதைகின்றன என்பதால் 1990களில் செருமனி அவற்றுக்குத் தடை விதித்தது. இந்தியாவும் 1990களில் வெளியிட்ட அறிவிக்கைகளின் வழியாக 112 சாயங்களைத் தடை செய்தது. ஒரு நிறம் பார்வைக்கு அழகாக இருப்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதைச் சாயத்தொழில் அன்றே கண்டது.

குப்பியில் வந்த நகச்சாயம்

இன்று கடையில் கிடைக்கும் சாதாரண நகப்பூச்சின் முன்னோடி வெடிபஞ்சு எனப்படும் நைட்ரோசெல்லுலோசு ஆகும். 1846இல் செருமானிய-சுவிசு வேதியியலாளர் கிறித்தியான் பிரீடரிக் சோன்பெயின் பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களோடு வினைப்படுத்தி இதனைச் செய்தார். இதனைக் கரைப்பானில் கரைத்துப் பூசினால், கரைப்பான் ஆவியானதும் பளபளப்பான படலம் எஞ்சும். 1920களில் மோட்டார் வண்டிகளுக்கு அடிக்கும் விரைவில் உலரும் வண்ணப்பூச்சு இம்முறையில் பெருகியது. நகப்பூச்சும் இதே நுட்பத்தைக் கைக்கொண்டது.

அமெரிக்காவில் கியூடெக்சு நிறுவனம் 1917இல் திரவ நகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1932இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ரெவ்லான் நிறுவனம், ஊடுருவித் தெரியும் சாயங்களுக்குப் பதிலாக நிறமித்தூள் சேர்த்த அடர்ந்த பூச்சை விற்றுப் பெரிதாக வளர்ந்தது. இந்தியாவில் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனத்தின் துணை நிறுவனமாக லாக்மே 1952இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு ஒப்பனைப் பொருள்களுக்கு அந்நியச் செலாவணி செலவாவதைக் குறைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பின்னர் பல நிறுவனங்களின் சிறு குப்பிகள் ஊர்ச்சந்தை, திருவிழாக் கடை, வளையல் கடை வரை வந்து சேர்ந்தன.

இவ்வகைப் பூச்சில் நிறுவனக் கலப்பு ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. காரணம் எளிது. இது ஆவியாதலால் உலர்கிறது, வேதிவினையால் இறுகுவதில்லை. ஒரு பூச்சின் மேல் மற்றொன்றை இட்டால், புதிய பூச்சின் கரைப்பான் பழைய படலத்தைச் சற்று இளக்கி அதனோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் இரண்டு நாளில் உரிந்துபோகும். ‘எந்தக் குப்பியையும் எதன் மேலும் பூசலாம்’ என்னும் பழக்கம் இக்காலத்தில் உருவானது. ஜெல் வந்த பின்னும் அதே பழக்கம் தொடர்வதே இன்றைய சிக்கலின் வேர்.

பல் மருத்துவத்திலிருந்து நகத்திற்கு

ஜெல் பூச்சின் வழி வேறு. அது பல் மருத்துவத்திலிருந்து வந்தது.

1950களில் பல் செட்டுக்கும் பல் அடைப்புக்கும் பயன்பட்ட அக்ரிலிக் பிசினை அமெரிக்காவில் செயற்கை நகம் செய்யப் பயன்படுத்தத் தொடங்கினர். தூளையும் திரவத்தையும் குழைத்து நகத்தின் மேல் வைத்தால் சில நிமிடங்களில் கல்லாகிவிடும். தொடக்கத்தில் இத்திரவம் மெத்தில் மெத்தக்ரிலேட்டாக இருந்தது. நகச் சிதைவு, தோல் அழற்சி பற்றிய முறையீடுகள் வந்ததால் 1970களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீதிமன்ற நடவடிக்கை வரை சென்றது. அதன் பின் பெரிய நிறுவனங்கள் வேறு அக்ரிலேட்டுகளுக்கு மாறின.

பல் மருத்துவத்தில் இதற்கிடையே இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. 1962இல் இரஃபேல் போவன் என்பவர் புதிய வகைப் பிசின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1970களின் தொடக்கத்தில் புற ஊதா ஒளி பட்டு இறுகும் பல் அடைப்புப் பொருள்கள் புழக்கத்திற்கு வந்தன. மருத்துவர் குழைவான பொருளை விரும்பிய வடிவில் வைத்து, விளக்கைக் காட்டியவுடன் அது இறுகிவிடும்.

இதன் செயல்முறை பின்வருமாறு. ஜெல்லில் ஒற்றைப்படி எனப்படும் சிறு மூலக்கூறுகளும் அவற்றினும் சற்றுப் பெரிய மூலக்கூறுகளும் உள்ளன. அவற்றோடு ஒளித்தூண்டி என்னும் பொருள் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளி பட்டால் ஒளித்தூண்டி உடைந்து வினையைத் தொடங்கிவைக்கும். சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகவும் வலையாகவும் மாறும். இவ்வலையே பலபடி. திரவம் திடமாவது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது அலைநீளம். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வோர் ஒளித்தூண்டிக்கும் ஏற்ற ஒளி வேறு. அது கிடைக்காவிட்டால் வினை மெல்ல நடக்கும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

1980களின் முதல் தோல்வி

ஒளியால் இறுகும் நக ஜெல் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஆனால் வெற்றி பெறவில்லை. ஜெல் செய்தவர்கள் ஒருபுறமும் விளக்கு செய்தவர்கள் மறுபுறமும் தனித்தனியே இயங்கினர். எந்த ஜெல்லுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை இருதரப்பும் சேர்ந்து ஆராயவில்லை. விளக்கு வலுவாக இருந்தாலோ பூச்சு தடிமனாக இருந்தாலோ வினை ஒரே நொடியில் விரைந்து வெப்பத்தை வெளிவிடும். விரல் நுனி சுட்டதாக வாடிக்கையாளர்கள் கூறினர். விளக்கு வலுக்குறைந்து இருந்தால் பூச்சு இளகி நின்றது. பயிற்சியும் போதவில்லை. ஜெல்லின் பெயர் கெட்டது.

ஜெல், பூச்சு, விளக்கு அனைத்தையும் ஒரு தொகுப்பாகவே விற்கும் முறை வலுப்பெற்றதற்கு இத்தோல்வி ஒரு முக்கியக் காரணம். ‘எங்கள் ஜெல்லை எங்கள் விளக்கில் மட்டும் காட்டுக’ என்னும் அறிவுரையின் தோற்றம் வெறும் வணிகத் தந்திரம் அன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கலப்பால் விளைந்த ஒரு தோல்வியிலிருந்து கற்ற பாடம் அது.

2010ஆம் ஆண்டு சி.என்.டி. நிறுவனம் ஷெல்லாக் என்னும் பூச்சை வெளியிட்ட பின் நிலைமை மாறியது. சாதாரண நகப்பூச்சைப் போலவே குப்பியும் தூரிகையுமாக இது வந்தது. இரண்டு வாரம் வரை பளபளப்பு குறையாமல் நின்றது. ஷெல்லாக் என்னும் சொல்லுக்கு அரக்கு என்று பொருள். பெண்கள் பாதத்தில் இட்டுக்கொண்ட செம்பஞ்சுக் குழம்பின் செம்மைக்கும் அரக்கே மூலம். பழைய பொருளின் பெயரைத் தாங்கி வந்தாலும் புதிய பூச்சு அக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான நிறுவனப் பெயர்களில் ஜெல் பூச்சுகள் வந்தன. எல்.இ.டி. விளக்குப் பெட்டிகள் மலிவாயின. இணைய அங்காடிகளின் வழியாகப் பெருநகரம், சிற்றூர் என்ற வேறுபாடின்றி எல்லா இடங்களுக்கும் இவை செல்கின்றன.

சிறிய நகரத்தின் அழகு நிலையத்தில் ஒரு நிறுவனத்தின் முழுத் தொகுப்பையும் வாங்கி வைப்பது பெரும் முதலீடு. மணப்பெண் புடைவையின் கரைக்கு ஏற்ற நிறம் கேட்பார். அந்நிறம் வேறு நிறுவனத்தில்தான் இருக்கும். அதனால் குப்பிகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. விளக்கோ முதலில் வாங்கிய ஒன்றே. கலப்பு நிகழ்வது கவனக்குறைவால் மட்டுமன்று, பொருளாதாரத்தாலும்.

கலப்பின் மூன்று வகைகள்

நிறுவனக் கலப்பு என்று பொதுவாகக் கூறினாலும் அதனுள் மூன்று வேறு செயல்கள் அடங்கியுள்ளன. அவற்றின் ஆபத்தும் வேறு வேறு.

முதல் வகை, படிகளைக் கலப்பது. ஒரு நிறுவனத்தின் அடிப்பூச்சின் மேல் மற்றொன்றின் நிறத்தை இடுவது இதில் அடங்கும். பெரும்பாலான ஜெல் பூச்சுகள் ஒரே அக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். எனினும் ஒன்று நெகிழ்வாகவும் மற்றொன்று விறைப்பாகவும் இருக்கலாம். இறுகும்போது அவை சுருங்கும் அளவும் வேறுபடும். நெகிழும் அடித்தளத்தின் மேல் விறைத்த படலம் அமைந்தால், நகம் வளையும்போது வெடிப்பு விழும், ஓரம் தூக்கிக்கொள்ளும். கரைத்து அகற்றும் ஜெல்லையும் அரத்தால் தேய்த்தே அகற்ற வேண்டிய கெட்டி ஜெல்லையும் சேர்த்தால், அகற்றும்போது நகம் தேய்ந்து மெலியும். இவ்வகையில் இழப்பு பெரும்பாலும் பூச்சின் ஆயுளுக்கே.

இரண்டாவது வகை, விளக்கைக் கலப்பது. இதுவே முக்கியமானது. பழைய குழல்விளக்குப் பெட்டிகள் 365 நானோமீட்டரை ஒட்டிய அகன்ற ஒளியைத் தந்தன. எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 395 முதல் 405 நானோமீட்டர் வரையுள்ள குறுகிய ஒளியைத் தருகின்றன. சில பெட்டிகளில் இரண்டும் உண்டு. பழைய விளக்குக்காகச் செய்த ஜெல்லைப் புதிய விளக்கில் காட்டினால் முழுமையாக இறுகாமல் போகலாம். பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் அளவு மின்சாரச் செலவைக் கூறுமே தவிர, நகத்தின் மேல் விழும் ஒளியின் அளவைக் கூறாது. வெள்ளை, கறுப்பு முதலிய அடர்நிறங்கள் ஒளியைத் தடுக்கும். அவற்றை மெல்லிய படலமாகவே இட வேண்டும்.

மூன்றாவது வகை, இரண்டு குப்பிகளின் பூச்சைத் தட்டில் ஊற்றிக் கலந்து புதிய நிறம் செய்வது. இங்கு ஒளித்தூண்டியின் விகிதம், நிறமியின் அடர்த்தி இரண்டுமே மாறுகின்றன. கலந்த பூச்சுக்குச் சிட்டையும் இல்லை. பின்னாளில் வாடிக்கையாளருக்கு அரிப்போ கொப்புளமோ வந்தால், எப்பொருளால் வந்தது என்று மருத்துவரிடம் காட்ட ஒன்றும் இராது.

மூன்று வகைக்கும் பொதுவான ஏமாற்றம் ஒன்று உண்டு. அரைகுறையாக இறுகிய ஜெல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மேற்பரப்பு பளபளக்கும், தட்டினால் கெட்டியாகத் தோன்றும். அடியில் வினையில் சேராத ஒற்றைப்படிகள் அப்படியே இருக்கும். சரியாக இறுகிய பூச்சின் மேலும், காற்றிலுள்ள ஆக்சிசன் வினையைத் தடுப்பதால், மெல்லிய பிசுபிசுப்புப் படலம் எஞ்சுவதுண்டு. அதனை ஆல்ககாலால் துடைப்பர். எனவே பிசுபிசுப்பை மட்டும் கொண்டு இறுகியதா என்று முடிவு செய்யவும் இயலாது. மருதாணி சிவக்காததைக் காலையில் கண்ணால் காணலாம். ஜெல் இறுகாததைக் கண்ணால் காண இயலாது.

சிவகாசி அச்சகங்களின் அனுபவம்

அருப்புக்கோட்டைக்கு மேற்கே அதே மாவட்டத்தில் உள்ள சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுச் சிட்டைகளுக்காகத் தொடங்கிய அச்சுத்தொழில் நாட்காட்டி, நாட்குறிப்பு, நோட்டு அட்டை என வளர்ந்தது. இவற்றின் அட்டைகளில் பளபளக்கும் பூச்சு புற ஊதா ஒளியில் இறுகும் வார்னிசு வகையைச் சேர்ந்தது. யூவி பூச்சு என்று தொழிலில் இதனைக் கூறுவர். இதன் அடிப்படையும் அக்ரிலேட், ஒளித்தூண்டி, விளக்கு ஆகிய மூன்றே. வேதியியல் நோக்கில் நாட்காட்டி அட்டையின் பளபளப்பும் ஜெல் நகத்தின் பளபளப்பும் உறவினர்.

விளக்கின் வலு குறைந்தாலோ, வார்னிசு அவ்விளக்குக்கு ஏற்றதாக இல்லாவிட்டாலோ அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கீறினால் பூச்சு பெயரும். அதனால் வார்னிசையும் விளக்கையும் பொருத்திப் பார்ப்பதும், விளக்கின் பழமையைக் கவனிப்பதும் அத்தொழிலின் அன்றாட வேலை. அச்சகத்தில் பிழை நேர்ந்தால் தாள் வீணாகும். அழகு நிலையத்தில் அதே பிழையை விரல்கள் தாங்க வேண்டியுள்ளது.

ஒவ்வாமை யாருக்கு?

இறுகி முடிந்த பலபடி பெரும்பாலும் தீங்கற்றது. தீங்கு செய்வது வினையில் சேராத ஒற்றைப்படி. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஹெமா எனச் சுருக்கமாக வழங்கும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட். சிறிய மூலக்கூறு என்பதால் தோலுக்குள் எளிதில் நுழையும். தொடர்ந்து பட்டால் உடல் அதனைப் பகையென்று கற்றுக்கொள்ளும். அதன் பின் சிறிதளவு பட்டாலும் விரல் நுனியில் அரிப்பு, கொப்புளம், தோல் வெடிப்பு, நகம் சதையிலிருந்து பிரிதல் ஆகியவை தோன்றும். நகத்தைத் தொட்ட விரல் பட்ட கண்ணிமையிலும் கழுத்திலும்கூடத் தடிப்பு வரும்.

இவ்வொவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுதும் நீங்காது. அக்ரிலேட் குடும்பப் பொருள்கள் பல் அடைப்பிலும், எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சையின் சிமெண்டிலும், உடலில் ஒட்டும் சில மருத்துவக் கருவிகளின் பசையிலும் உள்ளன. இருபது வயதில் நகத்தால் வந்த ஒவ்வாமை, அறுபது வயதில் முழங்கால் அறுவையின்போது மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தியாகிவிடுகிறது.

அமெரிக்கத் தொடர்புத்தோலழற்சிக் கழகம் 2012இல் அக்ரிலேட்டுகளை அவ்வாண்டின் ஒவ்வாமைப்பொருளாக அறிவித்தது. பிரித்தானியத் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் செயற்கை நகங்களால் பெருகும் மெத்தக்ரிலேட் ஒவ்வாமை பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது.

வாடிக்கையாளர் மாதத்திற்கு ஒருமுறை வருபவர். பூச்சிடும் பெண்ணோ நாள்தோறும் பத்து விரல், இருபது விரல் என்று ஜெல்லோடு பழகுபவர். தூரிகையைத் துடைப்பதும், பிசுபிசுப்பை எடுப்பதும், பழைய பூச்சைத் தேய்த்துத் தூசியாக்குவதும் அவரே. கலப்பால் அரைகுறையாக இறுகிய பூச்சின் மிச்சம் முதலில் படுவது அவர் கையில்தான். நைட்ரைல் கையுறை அணிந்தாலும் ஒற்றைப்படிகள் சில நிமிடங்களில் அதனை ஊடுருவக்கூடும். ஆகவே பூச்சு பட்ட கையுறையை உடனே மாற்ற வேண்டும். வறண்ட நிலத்தில் வேளாண்மை பொய்த்த குடும்பத்திற்கு அழகுக்கலை ஒரு நல்ல பிழைப்பு. அக்கலைஞரின் விரலுக்கு ஒவ்வாமை வந்தால் அவர் இழப்பது தொழிலையே.

சட்டங்களும் மாறும் கலவைகளும்

ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா கலந்த நகப்பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 2021 சூன் முதல் புதிய பொருள்களில் அவ்வெச்சரிக்கையும் ஒவ்வாமைக் குறிப்பும் அச்சிடப்பட வேண்டும் என்றாயிற்று. டி.பி.ஓ. என்னும் ஒளித்தூண்டியை 2025 செப்டம்பர் 1 முதல் ஒப்பனைப் பொருள்களில் அவ்வொன்றியம் தடை செய்தது. விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்திற்குக் கேடு காணப்பட்டதால் எடுத்த முன்னெச்சரிக்கை அது.

இத்தடை ஐரோப்பாவுக்கே உரியது என்றாலும் அதன் விளைவு உலகெங்கும் தெரியும். ஐரோப்பாவில் விற்க விரும்பும் நிறுவனங்கள் ஒளித்தூண்டியை மாற்றின. அதனால் ஒரே நிறுவனத்தின் பழைய குப்பியும் புதிய குப்பியும் உள்ளடக்கத்தில் வேறுபடக்கூடும். பெயர் ஒன்றாக இருப்பதால் கலப்பு இல்லை என்று இனிக் கூற இயலாது.

இந்தியாவில் ஒப்பனைப் பொருள்கள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்திற்கும் 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள்கள் விதிகளுக்கும் உட்பட்டவை. உற்பத்தியாளர் பெயர், முகவரி, தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசிக் காலம் ஆகியவை குப்பியில் அல்லது உறையில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் விவரமும் வேண்டும். இவை இல்லாத குப்பி எவ்வளவு மலிவாக இருப்பினும், அதில் உள்ளது என்னவென்று கூற எவருமில்லை என்றே பொருள்.

வேதியியல் எவ்வளவு, வணிகம் எவ்வளவு?

‘எல்லாம் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டும்’ என்னும் விதியில் வேதியியலும் வணிகமும் கலந்தே உள்ளன. நிறுவனங்கள் பலவும் தாமே பூச்சு செய்வதில்லை. வேறொரு தொழிற்சாலையில் செய்வித்துத் தம் பெயர்ச் சிட்டையை ஒட்டுகின்றன. வேறு வேறு பெயருள்ள இரு குப்பிகளில் ஒரே பூச்சு இருக்கலாம். ஆகவே பெயரை மட்டும் பார்த்துக் கலக்கலாம், கலக்கக்கூடாது என்று கூறுவது முழு உண்மை ஆகாது.

ஆனால் ஜெல்லும் விளக்கும் பொருந்த வேண்டும் என்பதில் வணிகம் இல்லை. 1980களின் தோல்வி அதனைக் காட்டியது. சாயப்பட்டறையும் அச்சகமும் அதனை நாள்தோறும் காட்டுகின்றன. எனவே எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்க இயலாதவர்கள் பின்வரும் வரிசையில் முதன்மை தரலாம்.

முதலாவது, ஜெல்லின் உறையில் குறித்துள்ள அலைநீளமும் நேரமும் விளக்கோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தல். பொருந்தாத குப்பியை வாங்காதிருத்தல்.

இரண்டாவது, அடிப்பூச்சும் மேற்பூச்சும் விளக்கும் ஒரே நிறுவனத்தினவாக வைத்துக்கொள்ளுதல். நகத்தைத் தொடுவது அடிப்பூச்சே. நிறத்தில் மட்டும் வேறுபாடு இருந்தால் ஆபத்து குறையும், முற்றிலும் நீங்காது.

மூன்றாவது, படலத்தை மெல்லியதாக இடுதல். தோலில் படாமல் இடுதல். பட்டால் விளக்கில் காட்டுவதற்கு முன்பே துடைத்தல்.

நான்காவது, குப்பிகளை ஒன்றோடொன்று ஊற்றிக் கலவாதிருத்தல். யாருக்கு எந்த நாளில் எந்தக் குப்பியைப் பயன்படுத்தினோம் என்று ஒரு நோட்டில் தொகுதி எண்ணோடு எழுதிவைத்தல்.

ஐந்தாவது, குப்பியைச் சன்னலோரத்தில் வைக்காதிருத்தல். சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர் உண்டு. கரிசல் காட்டு வெயில் குப்பிக்குள்ளேயே பூச்சை இறுகச் செய்துவிடும்.

அரிப்போ கொப்புளமோ தோன்றினால் வேறு நிறுவனத்துக்கு மாறிப் பார்ப்பது தவறு. ஒரே குடும்பப் பொருளே அதிலும் இருக்கும். பூச்சை நிறுத்தித் தோல் மருத்துவரைக் காண்பதே முறை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உள்ளது.

வீட்டில் அரைத்த மருதாணியில் என்ன சேர்ந்தது என்பதை அரைத்தவர் அறிவார். நெசவாளர் தம் சாயத்தையும், அச்சுத்தொழிலாளர் தம் வார்னிசையும் அறிந்து வைத்துள்ளனர். ஜெல் பூச்சிடும் கலைஞருக்கும் அவ்வறிவு கிடைக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் அழகுக்கலைப் பாடத்தில் நிறத்தேர்வுக்குத் தரும் இடத்தை விளக்கின் அலைநீளத்திற்கும் உறையைப் படிக்கும் பழக்கத்திற்கும் தருவது அதற்கான எளிய தொடக்கம் ஆகும்.